அரைப்பேருக்கு ஒரு படம்

அரைப்பேர் போனால் போகட்டுமென்று
சனிக்கிழமை பதினொரு மணிக்கே கூடையை இறக்கிவிட்டு
டிக்கோயா வளைவில் பஸ் பிடித்தோம்.
நானும் யதுர்ஷிகாவும்,
அவள் சப்பாத்துக்குள் எங்கோ ஒரு அட்டையும்.

அட்டன் தியேட்டரில் குடை மடக்கும் சத்தம் ஓயவே
கால் மணி நேரம்.
தகரக் கூரை.
மேலே மழை இன்னொரு படம் ஓட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த கதை.
ஐந்தாம் வகுப்பில், இரும்பு அலமாரியில்,
மேலட்டை போன, படமே இல்லாத புத்தகம்.
யாழ்ப்பாணத்தில் யாரோ தமிழாக்கியது.
தாரா பனியில் நடந்தது என்றிருந்ததை
அச்சுப் பிழையென்று திருத்தி
நடந்தாள் என்று வாசித்தேன்.
மூன்றாம் அத்தியாயத்தில் அவள் முட்டையிட்டபோதுதான் தெரிந்தது,
அந்தப் பக்கத்தில் வாத்தைத் தாரா என்பார்களாம்.
அதற்குள் நான் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி
ரிப்பனும் கட்டியிருந்தேன்.
இன்னும் அவிழ்க்கவில்லை.

திரையில் வந்தாள். ரிப்பன் இல்லை.
ஒரு சிறகு பிசகியிருந்தது.
கூட்டம் பறந்துபோன திசையைப் பார்த்து
கால்நடையாகவே தெற்குக்குப் புறப்பட்டாள்.
பின்னால் கடிகாரக்காரனின் மூன்று பிள்ளைகள்.
பேச்செல்லாம் ஆங்கிலம்.
அடியில் சிங்கள எழுத்து ஓடியது,
எனக்கு அது சிக்கு விழுந்த நூல்.

"என்னம்மா சொல்றாங்க?"
காதுக்குள் சொன்னேன்.
முன் வரிசையில் ஒரு தலை சாய்ந்தது.
பிறகு ஒரு கொண்டை.
பின்னாலிருந்து ஒரு விரல் தோளைத் தட்ட,
ஏச்சு விழப்போகிறதென்று திரும்பினால்
"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தங்கச்சி,
மழையில கேக்கல."

நிரைக்கு நிரை கூப்பிட்டுப் பேசிய குரல்தானே.
உயர்த்தினேன்.

நடுவில் பிள்ளைகள் ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்குகிறார்கள்.
புத்தகத்தில் அது ஒரே வரி: தேநீர் கொடுத்தார்கள்.
படத்தில் ஐந்து நிமிடம்.
பூப்போட்ட கேத்தல், வெள்ளிக் கரண்டி, ஆவி.
ஒருவருக்கும் அவசரமில்லை.
தியேட்டரே சத்தமில்லாமல்
அந்தக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தது.
இருட்டிலிருந்து, ஸ்டோரில் ரோலர் ஓட்டும் சவரிமுத்து:
"வாட்டம் பத்தல. நெறமே ஏறல்ல, பாரு."
சிரித்த சிரிப்பில் மழை கேட்கவில்லை.
அந்தக் குடும்பம் ஒன்றும் அறியாமல்
இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டது.

பிறகு கடல்.
அவள் ஈர மணலில் நிற்கிறாள்.
பெரியவன் குனிந்து தூக்குகிறான்.
அந்த இடத்தில் எனக்குப் புத்தகம் முடிந்துவிட்டது.
கடைசித் தாளைக் கிழித்திருந்தார்கள்.
யாரோ. நான் இல்லை.
யதுர்ஷிகா காய்ச்சலில் கிடந்த இரவெல்லாம்
அவளைப் பறக்கவிட்டுத்தான் முடித்திருக்கிறேன்.

இங்கே அவள் பறக்கவில்லை.
பெரியவன் ஏதோ கேட்டான்,
சின்னவள் ஏதோ சொன்னாள்.
மூன்று வரிசை என் வாயைப் பார்த்தது.

யதுர்ஷிகா எழுந்து நின்றாள்.
நாலாம் வகுப்பு,
சிங்களப் பாடத்துக்கு நாற்பத்தொரு புள்ளி.
இவ்வளவு நேரமும் அவளை முந்தி ஓடிய எழுத்து
கடற்கரையில் கொஞ்சம் நின்றது.
விரலை நீட்டி, கூட்டிக் கூட்டி,
முதலில் வாய்க்குள்,
அப்புறம் எங்களுக்குக் கேட்க:
"இங்கயே... இருப்போம்.
அதுக்கு... கால் வலிக்குது."

அடுத்த வரியைப் பிடிக்க முடியவில்லை.
விளக்கைப் போட்டார்கள்.
சவரிமுத்து காலால் குடையைத் துழாவிக்கொண்டே
"அவ்வளவுதானா?" என்றார்.
"அவ்வளவுதான்" என்றாள் என் மகள்,
எழுதியதே தான்தான் என்பதுபோல.

பஸ்ஸில் சீட் இல்லை.
"அப்ப நீங்க சொன்னதெல்லாம் பொய்தானே?"
கம்பியைப் பிடித்த என் விரல்களில் கொழுந்துக் கறை.
"ஆமா" என்றேன்.
இரண்டு வளைவுக்குப் பேச்சில்லை.
மூன்றாவதில் என்மேல் சாய்ந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"காய்ச்சல் வந்தா மட்டும் அதையே சொல்லுங்க."

லயத்தில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்,
வெள்ளை மேஸில் சிவப்பு.
அட்டை எங்கே இறங்கியதோ,
டிக்கெட் எடுக்காமல்
வயிறு நிறையப் படம் பார்த்துவிட்டு.