உடைக்கும் முன் கழற்ற வேண்டியவை

திருகாணி, பேட்டரி, இரும்பு அச்சு,
தலைமுடி.
இவ்வளவையும் கழற்றினால்தான்
பொம்மை பிளாஸ்டிக் ஆகும்.
கிலோவுக்கு மூன்று ரூபாய் எனக்கு.

தூத்துக்குடியில் இறங்கிய பெட்டி
கீழக்கரைச் சாலையில் வந்து நிற்கிறது.
கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை,
ஈரக் கம்பளி வாசனை,
யார் வீட்டுப் பரணோ.
சீனி நெய்னா சீட்டைப் பார்த்துச் சொல்வார்:
"இது பெல்ஜியம். அது போலந்து.
நமக்கு எல்லாம் மூணாம் நம்பர் சரக்குத்தான்."

இன்றைக்கு நீளப் பலகைகள், நுனி வளைந்தவை.
பனியில் சறுக்க, என்றார்.
முத்துராக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை:
"மீன் செதில்ல வழுக்குனா நமக்கு ஆஸ்பத்திரிச் செலவு.
அவுகளுக்கு வழுக்குறதுக்கே செலவா?"
இரண்டை விலை பேசி வாங்கிப் போனான் அவள் தம்பி,
வல்லத்துக்கு அடியில் போட்டு இழுத்துப் பார்க்க.
ஒன்று அன்றே முறிந்தது.
மற்றது முக்கையூர் மணலில்
இன்னும் உழைக்கிறது.

டென்னிஸ் பந்துகளைச் சாக்குச் சாக்காய் அறுத்தோம்.
உள்ளே ஒன்றுமில்லை.
கத்தி இறங்கும்போது மட்டும்
புஸ்ஸென்று அந்த ஊர்க் காற்று
முழங்கையில் பட்டுப் போகும்.

சக்கரம் வைத்த சப்பாத்து ஒரு ஜோடி.
உட்புறம் நீல மையில் ஒரு பெயர்,
அடித்துவிட்டு அதன் கீழே இன்னொன்று,
அதையும் அடித்து மூன்றாவது.
நாலாவதுக்கு இடம் இருந்தது.
என் மகன் ஆரோனின் கால் அதில் நுழையும்.
எங்கள் தெருவோ முழுக்க மணல்.
எட்டுச் சக்கரங்களையும் கழற்றினேன்.
உள்ளிருக்கும் குண்டுமணிக்குத் தனி விலை.

மத்தியானம் ஒரு வாத்து பேசியது.
யாரும் அமுக்காமல்,
சாக்கின் அடியிலிருந்து
முழுசாக ஒரு வாக்கியம்.
கடைசியில் குரல் உயர்ந்ததால்
கேள்வி என்று தெரிந்தது.
ஏழு பேரும் கையை நிறுத்தினோம்.
மறுபடி அதே கேள்வி.
"இருக்கோம், இருக்கோம், சொல்லு"
என்றாள் முத்துராக்கு.
நான் திருகாணியைத் தேடினேன்.

மாலையில் எந்திரம் எல்லாவற்றையும்
அரிசி அரிசியாய்த் துப்பியது.
மஞ்சள் ஒரு மூட்டை, சிவப்பு மூன்று,
நிறம் சொல்ல முடியாதது பதினொன்று.
மதுரைக்குப் போகிறது.

போன வாரம் தண்ணீர் லாரி வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் குடம்.
முத்துராக்கு விரலை மடக்கித் தட்டினாள்:
"இருக்கியா?"
லாரி வரவில்லை அன்றைக்கு.
காலிக் குடம்
நன்றாகவே பதில் சொன்னது.