கறுப்பு அட்டை

புளியரை எஸ் வளைவில்
ஓடாத பஸ் ஒன்றை ஓரங்கட்டி
இருபத்திரண்டு பேரைப் படுக்கப் போட்டார்கள்.
ரத்தத்துக்குப் பீட்ரூட் சாறு.
ஒன்பதரைக்கே எறும்பு வந்துவிட்டது.

பயிற்சியாளர் மதுரைக்காரர், கையில் ஸ்டாப்வாட்ச்.
ஆளுக்கு முப்பது விநாடி.
மூச்சு, நாடி, சொன்னால் கேட்கிறாரா.
பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு.
மணிக்கட்டில் கட்டு, நகர்.
நின்றால் அடுத்தவர் போய்விடுவார் என்றார்.

முதலில் உரக்கக் கூப்பிட வேண்டும்:
நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க.
எங்கள் நிலையத்தில் அதை இரண்டு தடவை சொல்வோம்.
நடக்கான் பற்றுந்நவர் எல்லாவரும் இங்ஙோட்டு வரணும்.
அந்தப் ‘பற்றுந்நவர்’ என் நாக்கில் உட்கார
நாலு நாள் ஆனது.
பைலட் மசூதுக்குப் பிரச்சினையில்லை,
அவன் அம்மா தென்மலை.

ஏழாவது ஆள் கோமதிநாயகம்.
வைக்கோல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்.
முந்நூறு ரூபாயும் மத்தியானம் புரோட்டாவும் பேசி
கூட்டி வந்திருந்தார்கள்.
ஆரியங்காவில் வாங்கிய லாட்டரிச் சீட்டு
சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.
நெஞ்சில் குத்திய தாளில்: மூச்சு இல்லை.
தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கினேன்.
தாளின் மறுபக்கம்: இப்போதும் இல்லை.
அவரோ பீடி வாடையோடு
தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.
தாளை நம்பினேன்.
கறுப்பு. பதினொரு விநாடி.
கைதட்டினார்கள்.

புரோட்டா வரிசையில் பக்கத்தில் வந்து நின்றார்,
அட்டையைக் கழற்றாமல்.
“செத்துட்டேன்னு கட்டுனீயளே,
எனக்கு எல்லாம் கேட்டுச்சு பாத்துக்கிடுங்க.
உங்க ஷூ என் காதுகிட்ட
திரும்பிப் போற சத்தம்.
அந்நேரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”
என்ன வார்த்தை என்றேன்.
“எனக்கென்ன தெரியும். படிச்சவுக நீங்க.”
சால்னா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ராத்திரி வண்டியைச் சரிபார்த்தோம்:
சக்ஷன் மெஷினில் சார்ஜ், சிலிண்டரில் முக்கால்,
என் அளவுக் கையுறை வழக்கம்போல் இல்லை.
டிக், டிக், டிக்.

பதினேழு நாள் போனது.
ஆனிச் சாரல். இரவு ஒன்று நாற்பது.
அதே வளைவு, கொஞ்சம் மேலே.
கொல்லத்தில் கல்யாணச் சமையல் முடித்துத் திரும்பிய வேன்.
அண்டா ஒன்று இன்னும்
இருட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது, நிற்கவே இல்லை.
இரண்டு மொழியிலும் கத்தினேன்.
பற்றுந்நவர் சுத்தமாக வந்தது.
நான்கு பேர் எழுந்து வந்தார்கள்.
அதில் ஒருவன் ஜல்லிக் கரண்டியை விடவில்லை.
மசூது புனலூர் வண்டிக்கு
போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான்.
சிவப்பு.
மஞ்சள்.
சிவப்பு.
பிறகு ஒரு பையன், கன்னத்தில் மைதா மாவு.
மூச்சு இல்லை.
தலையைச் சாய்த்தேன், தாடையைத் தூக்கினேன்.
திருப்பிப் பார்க்கத் தாள் இல்லை.
மழையில் முடிச்சு வழுக்கியது.
அவனுக்குப் பின்னால் யாரோ
தண்ணி தண்ணி என்றார்கள்.

எழுவதற்கு முன்
காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்.
என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
தமிழிலா மலையாளத்திலா,
அதுகூட நினைவில்லை.
நாலு விநாடி இருக்கும்.
தண்ணி கேட்டவர் பிழைத்துக்கொண்டார்.
பிழைக்காமல் போயிருந்தால்
அந்த நாலு விநாடியை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்
என்று தெரியவில்லை.
அறிக்கையில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில்
மழை என்று எழுதினேன்.

அடுத்த ஒத்திகைக்கும் கோமதிநாயகம் வந்திருந்தார்.
சீட்டு விழவில்லையாம்.
“இந்தத் தடவை பச்சை போடுங்க,
நானே நடந்து வந்துருதேன்.”
தாளில் இருப்பதைத்தான் கட்ட முடியும் என்றேன்.
விசில் ஊதியதும் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.
முழங்காலிட்டுக் குனிந்தேன்.
தாளைப் படிக்கும் முன்பே
பீடி வாடை வந்துவிட்டது.