செருப்பை எங்கே விடுவது

மூலக்கடை டைல்ஸ் கடையில்
ஐந்தாவது தடவையாக
அதே கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள் ஏகவல்லி.
"உள்ளயும் வெளியயும் ஒரே கல்லாப் போட்டா
வூடு பெர்சாத் தெரியும்."
வீடு நானூற்றுப் பத்து சதுர அடி.
வாசலிலிருந்து இரும்புக் கேட் வரை
இன்னும் நாற்பத்தெட்டு.
மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
பெரிதாகத்தான் தெரிந்தது.

கடைக்காரர் இரண்டு கற்களை ஒட்டி வைத்தார்.
ஒரே சாம்பல், ஒரே வரி.
ஒன்றில் ட்யூப்லைட் முழுசாக விழுந்து கிடந்தது,
மற்றதில் விழவேயில்லை.
"பளபளா உள்ள. சொரசொரா வெளிய.
மழையில வழுக்கினா
என்னைத்தான திட்டுவீங்க?"
நிறம் ஒன்று, தோல் வேறு
என்று புரிந்துகொண்டேன்.

சாம்பல் எதற்கு என்று கேட்டதற்கு
ஆள்காட்டி விரலை நீட்டினாள்.
காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்த விரல்.
எண்ணூர்க் காற்றில் வருவது
எந்தக் கல்லில் விழுந்தாலும் கடைசியில் இதே நிறம்.
முன்னாலேயே அதைப் போட்டுவிட்டால்
துடைக்கிற வேலை பாதி மிச்சம்.

மேஸ்திரி கஜபதி
ஹாலிலிருந்து கேட்டுக்கு நூல் பிடித்தார்.
"ஒரே மட்டம் கேக்குறீங்க, குடுத்துடலாம்.
தண்ணிக்கு யாரு சொல்றது?"
தார் போட்டுத் தார் போட்டு
எங்கள் மூன்று படிகளில் இரண்டைத்
தெரு விழுங்கியிருந்தது.
அந்த டிசம்பரில்
நேராக உள்ளே வந்து
கட்டிலுக்கடியில் நான்கு நாள் தங்கிய தெரு,
வாசலில் எதையும் கழற்றிவிட்டு வரவில்லை.

அதனால் தரை ஒன்பது அங்குலம் ஏறியது.
ஃபேன் ஒன்பது அங்குலம் இறங்கியது.
இப்போதெல்லாம் நான்
சமையல்கட்டில் நின்று சட்டை மாட்டுகிறேன்.
வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு.
வாசலில் கருப்பு கிரானைட் பட்டை ஒன்று
வைக்கச் சொன்னார் கஜபதி.
"கோடு மட்டும் கிழிக்காதீங்கண்ணா" என்றாள்.
ஹார்பர் சம்பளத்தில் நான்கு மாதம்
அந்தக் கோடு இல்லாத தரைக்குப் போனது.

திங்கட்கிழமை.
தண்ணி கேன் போடுகிற தமீம்
தோளில் கேனோடு கேட்டைத் தாண்டி நின்றான்.
நாலு வருஷமாய்
சிமெண்ட் முடிந்து மொசைக் தொடங்குகிற இடத்தில்
இறக்கிவைத்துக் காசு வாங்கிப் போகிறவன்.
கீழே பார்த்தான்.
சிமெண்ட்டும் இல்லை, மொசைக்கும் இல்லை.
பின்னால் போய்
சாக்கடை ஓரமாகச் செருப்பை விட்டுவிட்டு
கட்டை விரலால் தடவித் தடவி வந்தான்.
"இங்கயாக்கா?"
இன்னும் ரெண்டு கல்.
"இங்கயா?"

கல் வழுக்கிய பிறகுதான்
உள்ளே வந்துவிட்டது தெரிந்தது அவனுக்கு.
கேன் சாயவில்லை. முகம்தான் சாய்ந்தது.
"அட, வந்ததுதான் வந்த,
ஸ்டாண்டுலயே வச்சிட்டுப் போ" என்றாள்.
நாலு வருஷத்தில் முதல் தடவையாக
எங்கள் ஸ்டாண்டு எந்த மூலையில் என்று பார்த்தான்.

அவன் போன பிறகு
ஈரக் கால்தடங்கள்.
வெளியே சொரசொரப்பு குடித்துவிட்டது.
உள்ளே ஒவ்வொன்றும் ஐந்து விரலோடு மின்னியது.
மாப்பை எடுத்தாள்.
துடைக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள்.
காற்றே ஆற்றிவிட்டது.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில்
தேங்காய்நார் மிதியடி ஒன்று வாங்கிவந்தாள்,
நல்ல கனம், நூற்றெண்பது ரூபாய்.
மூன்று நாளாகச் சுவரோரம்
சுருட்டியபடியே நிற்கிறது.
எந்தக் கல்லில் விரிப்பது என்று
அவள் என்னைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.