முதுகுக்குக் கொடுத்த வசனம்

டார்ட்முண்ட், மூன்றாம் எண் கூடம்.
போன வாரம் இங்கே நாய்க் கண்காட்சி நடந்ததாம்;
மழையில் நனைந்த ரோமத்தின் வாசம் இன்னும் போகவில்லை.
எழுநூறு மடக்கு நாற்காலி.
என்னுடையது பதினொன்றாம் வரிசை, தூணுக்குப் பின்னால்,
தொண்ணூற்றைந்து யூரோ.

பக்கத்தில் தோர்பென். ட்ராம் ஓட்டுகிறவன்.
நெற்றியில் பூசிய வெள்ளி வர்ணம்
வேர்வையில் புருவத்துக்கு இறங்கிவிட்டது.
இரண்டு மணி நேரச் சிநேகிதம்தான்,
அதற்குள் என் சாண்ட்விச்சில் பாதி அவன் வயிற்றில்.

ரோவன் பெல்த்தியே வந்தார்.
விண்கலத்தின் மருத்துவர், எங்கள் டாக்டர் வெல்கின்,
முப்பது வருஷம் கழித்து
ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி
மூன்று படி ஏறினார்.
கத்தினோம். நானும் கத்தினேன்,
ஐம்பத்திரண்டு வயது, இரவுப் பணிச் செவிலி,
வார்டில் செருப்புச் சத்தம்கூட எழுப்பாதவள்.

பிறகு அவர் வாயைத் திறந்தார்.

யாருடைய குரல் இது?
மெலிசாக, மூக்கால்,
சைக்கிள் டயரில் முள் ஏறியதுபோல.
எங்கள் டாக்டருக்கோ
நிலவறையில் பீப்பாய் உருளும் குரல்.
அது ஏக்கெஹார்ட் லூடர்ஸ் என்பவருடையது;
பெர்லினில் ஓர் இருட்டறையில் நின்று
ஜெர்மனில் பேசியவர். செத்து ஒன்பது வருஷம்.
தெரிந்ததுதான். தெரிந்தும்
காது மட்டும் வாசல் பக்கமே இருந்தது,
நிஜ ஆள் இனிமேல்தான் வருவார் என்பதுபோல.

கேள்வி நேரம்.
ஒருத்தி அவருடைய நாயைப் பற்றிக் கேட்டாள்.
ஒருவன் கேள்வியே கேட்காமல் அழுதுவிட்டுப் போனான்.
தோர்பென் கேட்டான்:
"இரண்டாம் சீசன், பத்தொன்பதாவது பகுதி.
நோயாளி அறைக் கதவை மூடும் முன்
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று
ஒரு வரி சொல்வீர்களே,
அதை எழுதியது யார்?"

மொழிபெயர்க்க வந்த பெண் அவர் காதருகே குனிந்தாள்.
அவர் நெற்றியைச் சுருக்கினார்.
"எந்த வரி? அங்கே எனக்கு வசனமே இல்லையே.
கதவை மூடினேன்.
சூயிங்கம் மென்றுகொண்டிருந்ததாக ஞாபகம்."

கூடம் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதுகென்றால் உதடு தெரியாது.
உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம்.
யாரோ நிரப்பியிருக்கிறார்கள்,
சம்பளத்துக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

அந்த வரியைத்தான்
என் தம்பி அர்ண்டின் கட்டிலருகே
பதினேழு இரவு சொன்னேன்.
அவன் பிழைக்கவில்லை; அதற்காக வரியைக் குறை சொல்ல மாட்டேன்.
பிறகு வேலையிலும்,
தன் பெயரே மறந்தவர்களிடம்.

"அப்படி என்னதான் சொன்னேன்?" என்றார்.

எழுநூறு பேரும் சொன்னோம்.
ஒரே குரலில் அல்ல. முன்வரிசை முந்திக்கொண்டது,
பின்னால் யாரோ இருமினார்கள்,
தோர்பெனுக்குப் பாதியில் தொண்டை அடைத்தது:
"தூங்கு. கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்."

அவருக்கு ஜெர்மன் தெரியாது.
அந்தப் பெண் வாயெடுத்தாள்; கையமர்த்தினார்.
கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார்.
"நன்றாகத்தான் கேட்கிறது.
ஆனால் இதற்கு எனக்கு யாரும் காசு தரவில்லை."
மறுபடி சிரிப்பு. அடுத்த கேள்வி, மறுபடி நாய்.

கையெழுத்து வரிசையில் நான் நிற்கவில்லை.
எனக்கும் சேர்த்து வாங்கி அனுப்புவதாகத் தோர்பென் சொன்னான்.
என் பெயரைச் சீட்டில் தப்பாகக் குறித்துக்கொண்டான்.
திருத்தவில்லை.

இன்று இரவும் பணி.
ஆறாம் எண் அறையில் திருமதி ஓபர்லேண்டர்
மகள் வந்தாளா என்று நாலாவது முறை கேட்கிறார்.
விளக்கை அணைத்து, கதவுப் பக்கம் திரும்பி,
முதுகைக் காட்டிக்கொண்டுதான் நானும் சொல்கிறேன்.
என் உதடும் அவருக்குத் தெரியாது.
யார் குரலில் கேட்டுக்கொள்கிறாரோ.