இருநூற்றுப் பதினாலு

செக்காலை ரோட்டில் மீரான் பாய் கடை.
"அந்த நம்பரை நிறுத்திட்டாங்கக்கா" என்றார்,
ஏதோ ராத்திரி பஸ்ஸை நிறுத்தியது மாதிரி.
இருநூற்றுப் பதினாலு.
பதினோரு வருடமாக அதுதான் என் வாய்.

அக்கம்பக்கத்து நம்பர்களைத் திறந்து
என் புறங்கையில் கோடு இழுத்துக் காட்டினார்.
ஒன்று ஈரல்.
ஒன்று கல்யாணப் பத்திரிகை.
ஒன்று ஆறாத புண்.
மணிக்கட்டுவரை கோடுகளோடு
ஆத்தங்குடி பஸ் ஏறினேன்.

பேர் சிகப்பி.
"பேரிலேயே இருக்கே, உதட்டுக்கு வேற எதுக்கு?"
கேட்காத ஆள் இல்லை.
டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்.
காகிதம், காப்பி டம்ளர், கண்ணிமை,
எல்லாவற்றிலும் சிமெண்டுத் தூசி.
அதற்குமேல் எனக்காக நான் எழுதிக்கொள்ளும்
ஒரே வரி அது.

அன்று ராத்திரிதான் முதல்முறையாக
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்.
எறும்பு எழுத்து. ஃபோனில் படமெடுத்து
இரண்டு விரலால் விரித்தேன்.
முப்பத்தொரு பெயர்கள்.
பாதி வாயில் நுழையவில்லை.

நுழையவில்லையா?
பதினோரு வருடமாய் நுழைந்துகொண்டுதானே இருந்தன,
காப்பியோடு, உளுந்தவடையோடு.
ஒன்றிரண்டு நாள்
இன்னொருவர் வாய்க்குள்ளும்.

உமையாளுக்கு அனுப்பினேன்.
பள்ளத்தூரில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள்
நாலு பெயருக்கு வட்டம் போட்டு
விடைத்தாள் மாதிரி திருப்பி அனுப்பினாள்.
உதட்டோரம் கறுத்ததற்கு
உப்பே இல்லாத எங்கள் ஊர்த் தண்ணீரைப் போய்
இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல்.
கோயம்புத்தூர்த் தேன்மெழுகு
சித்திரை வெயிலில் கூரியர் வேனுக்குள் உருகி
பில்லுக்கும் பூசிவிட்டு வந்து சேர்ந்தது.
பீட்ரூட்டில் செய்தது
மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வெளுத்தது,
கைப்பைக்குள் எறும்பு வரிசை.
"கெமிக்கல் அறவே இல்லை" என்று
பச்சை இலை போட்ட ஒன்றை
ஆசையாய்க் காட்டினேன்.
"தண்ணிகூட கெமிக்கல்தான்டி" என்றாள் உமையாள்,
"பச்சை இலை எருக்கஞ்செடியிலும் இருக்கு."

ஏழாவது, விரல் நீளம்கூட இல்லை.
ஒன்பதே பெயர்கள்.
எட்டுக்குச் சரி போட்டாள்.
ஒன்பதாவது அவளைக் கேட்காமலே எனக்குத் தெரிந்தது.
அயர்ன் ஆக்ஸைடு.
மாதாமாதம் வரவில் எழுதுகிறேனே,
சிவப்புப் பூவுக்கு, இருபத்தைந்து கிலோ மூட்டை!

எழுந்துபோய் மூட்டைப் பக்கத்தில் நின்றேன்.
கண்ணாடிமேல் சாயம் ஊற்றிக்கொண்டிருந்த மாசிலாமணி
"இருப்பு சரிபார்க்கிறீங்களாக்கா?" என்றார்.
விரல்நுனியில் தொட்டு, உதட்டருகே வைத்து,
படமெடுத்து அனுப்பினேன்.

மறு நிமிடம் கூப்பிட்டுக் கத்தினாள்.
"கையைக் கழுவு! அது தரைக்கு.
ஈயம் இருக்கலாம், ஆர்சனிக் இருக்கலாம்.
உதட்டுக்கு வர்றது சுத்தம் பண்ணி, சோதிச்சு வர்றது.
பேர் ஒண்ணுன்னா ஆள் ஒண்ணாடி?"

எங்கள் பங்காளி வகையில் மட்டும்
ஐந்து சிகப்பி இருக்கிறோம்.
புரிந்தது.

புதியது இருநூற்றுப் பதினாலு இல்லை.
அதைவிட ஒரு பிடி செங்கல் தூக்கல்.
முதல் வாரம் கண்ணாடியில்
யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
இரண்டு மாதம் ஆகிறது. கறுப்பு
ஓரத்திலிருந்து பின்வாங்குகிறது.
பட்டறையில் ஒருவரும் கவனிக்கவில்லை.
மீரான் பாய் மட்டும்
சீப்பு வாங்கப் போனபோது முகத்தைப் பார்த்துவிட்டு
"வேற கடையாக்கா?" என்றார்,
சில்லறையை எண்ணியபடி.

பழைய குழலின் அடியில் கால் அங்குலம் மிச்சம்.
எறிய மனசில்லை.
இப்போது என் மேஜையில் பேனாக்களோடு நிற்கிறது.
விரிசல் விட்ட டைல்ஸை ஒதுக்கும்போது
அதால் பெருக்கல் குறி போடுகிறேன்.

நேற்று ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டேன், நல்ல கல்.
மாசிலாமணி சோப்பு போட்டுத் தேய்த்தார்,
தேங்காய் நாரால் தேய்த்தார்.
போகவில்லை.