ரப்பர் ஒட்டிய சிம்பல்கள்

அந்த ஆண்டு வானொலியில் எல்லா டிரம்மும்
யாரோ கோபத்தில் சாத்திய கதவுபோல் கேட்டது.
எங்களுக்கும் அந்தக் கதவு வேண்டும் என்றாள் ஜோசலின்.
ஸ்டூடியோவுக்கு ஒரு மணி நேரம் நாற்பது வெள்ளி.
எங்களிடம் இருந்தது தோ பாயோ,
பன்னிரண்டு மாடி, ஒரு படிக்கட்டு.

ஞாயிறு பிற்பகல்
பதினோராம் மாடியில் ஸ்னேரை வைத்தோம்.
ஒன்பதாம் மாடியில் மைக் தொங்கியது.
யாரும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறிவராமல்
ஹம்டானின் தம்பி காவல்.

ஒரே ஓர் அடி.
சுவர் சுவராய் இறங்கியது,
கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடியவர்களை
நிமிர வைத்தது,
மெல்ல மூச்சு வாங்கி
என்னிடமே திரும்பி வந்தது.

எனக்கு அது போதும்.
ஓங்குக்குப் போதவில்லை.
எதிரொலி தானாகச் சாகக் கூடாது,
உயிரோடு இருக்கும்போதே வெட்டணும் என்றான்.
ஒரு குமிழைத் திருகினான்.
பேச்சின் நடுவே வைக்கப்பட்ட தொலைபேசி.
பிறகு ஒரு பள்ளம்.
அந்தப் பள்ளத்தில்தான்
ஆட வேண்டுமாம் எல்லோரும்.

இரண்டு நாள் இரவல் வாங்கிய பெட்டிக்குள்
என் அடியை அடைத்தான்.
பாட்டு முழுக்க அதுவே விழுந்தது,
இருநூற்று முப்பத்தாறு முறை, எண்ணினேன்,
வேர்வை துடைக்காமல்,
ஒரே ஞாயிறு,
ஒரே மூன்றரை மணி.

தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள்.
கால்டிகாட் குன்றில் ஒப்பனைக்காரர்
என் முகத்தைப் பார்த்துச் சற்று யோசித்து
மூன்று டப்பாக்களைக் கலந்தார்.
சிம்பல்களில் ரப்பர் வட்டம் ஒட்டினார்கள்,
கால் டிரம்முக்குள் தலையணை.
நல்லா ஓங்கி அடி,
சத்தம் மட்டும் வரக்கூடாது.

புகை. நீல விளக்கு.
ஜோசலினின் தோள்பட்டைப் பஞ்சுக்குப் பின்னால்
பாதி முகமாய் நான்,
கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி
என்னையே துரத்திக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் சரணத்தில் இமைப்பொழுது பிந்தினேன்.
ஒலிபெருக்கி பிந்தவில்லை.

ஒளிபரப்பான இரவு
திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்த
தங்கை புனிதவல்லி கண்டுபிடித்துவிட்டாள்:
"அண்ணா, கை இங்கே, சத்தம் அங்கே."
அதற்குள் பக்கத்து வீட்டு மேடம் சியா
சுவரைத் தட்டினார்,
டிரம்மை நிறுத்தச் சொல்லி.

என் வெறுங்கைகள் இரண்டையும் தூக்கிச்
சுவருக்குக் காட்டினேன்.

மறுநாள் செம்பவாங் பட்டறை.
தகட்டில் சுத்தியல் விழுந்தது.
சத்தம் தன் பாட்டுக்கு எழுந்து
கிரேன்களைச் சுற்றி
ஜொகூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.
வெட்ட ஆளில்லை,
சாப்பாட்டு மணியை அடித்த
ஃபோர்மேனைத் தவிர.