பகல் இரண்டு ஐம்பத்தாறு

போதகர் வர முடியாத ஞாயிறுகளில்
நான்தான் வாசிப்பேன்.
ஃபாரோவின் இந்தக் கோடியில் மூன்று தீவுக்கு ஒரு போதகர்;
நடுவில் கிடக்கும் கடலுக்கு
ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது.
படகு நின்றால் ஃபோன் வரும்:
"துரோந்தூர், இன்றைக்கு நீ."

தார் பூசிய மரக்கோயில், முப்பது பேர்,
ஈரக் கம்பளி வாசம்.
என் குரல் நல்ல குரல்.
எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தழைய வேண்டும், தெரியும்.
முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைத்துவிட்டால்
அன்று மதியம் ஆட்டிறைச்சி
எனக்கு ஒரு துண்டு கூடுதலாக இறங்கும்.

அந்த வரியையும் வாசித்திருக்கிறேன்.
கோபத்தையும் சூரியனையும் ஒரே கயிற்றில் கட்டி
இது அணையுமுன் அதை அணை என்கிற வரி.
ஆறு முறையாவது.
மூன்றாம் வரிசையில் தம்பி ஹால்வ்தான்
என் முகத்தைப் பாராமல்
கூரையிலிருந்து தொங்கும் சின்ன மரக்கப்பலைப்
பார்த்துக்கொண்டிருப்பான்.
எங்களுக்குள் ஒரு கிடாய். ஒரு வேலி.
எட்டு வருஷம்.

வீட்டில் என் வேதம் அலமாரியில்,
ஓரமெல்லாம் தங்கப்பூச்சு.
திடப்படுத்தலுக்கு வந்த பரிசு.
போன டிசம்பரில், காற்று கூரைப்புல்லைப்
பிடித்து உலுக்கிய ஒரு நாள்,
மூக்குக் கண்ணாடியைத் தேடப்போய் அதை எடுத்தேன்.
தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.
நாற்பத்தோரு வருஷமாய்த்
தங்கம் தங்கத்தை விட்டிருக்கவில்லை.
பிரித்தபோது ஒரு சத்தம்,
காய்ந்த உதடு திறக்கிற மாதிரி.

மார்யுனுடையது ரொட்டி டப்பாவின் மேல்.
மீன் ஆலை ஷிப்டுக்கு முன், நாலரை மணிக்கு,
ஒரு கையில் காப்பி, ஒரு கையில் பென்சில்.
உதடு அசையும். திக்குவாள். திரும்பிப் போவாள்.
அதை வாசிப்பென்று நான் எண்ணியதில்லை.

அன்று அதையும் திறந்தேன்.
வெண்ணெய்க் கறை. ஒரு செதில்.
ஓரங்களில் "ஏன்?", "இது நியாயமில்லை",
ஒரு சங்கீதத்தின் பக்கத்தில் "பல்வலி".
அந்த வரியின் அருகே மட்டும் தேதிகள்:

ஜூன் 19. துரோந்தூர். இரவு 11.20.
வெளிச்சம் இருக்கிறதே என்று இழுத்தடித்தேன்.

பிப்ரவரி 3. சூப்பர்வைசர் பிர்னா.
கை கழுவுமிடத்தில் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 28. துரோந்தூர். பஸ்ஸிலிருந்து ஃபோன்.
எடுக்கவில்லை. மறுபடி.

சண்டைக்கு நடுவில் அவள் ஏன்
சட்டென்று ஜன்னலைப் பார்ப்பாள் என்று
இருபது வருஷம் கழித்து விளங்கியது.

ஷிப்டு முடிந்து வந்தவளிடம்
கெட்டிக்கார வாசகனாய்க் கேட்டேன்:
"நவம்பர் தொட்டு ஜனவரி முடிய
மலை நம் ஊருக்குச் சூரியனைக் காட்டுவதே இல்லை.
எழாததற்கு அஸ்தமனம் ஏது?"

அவள் சிரிக்கவில்லை.
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே
சுவரிலிருந்த அலைநேர அட்டவணையைத்
தாடையால் காட்டினாள்.
கடலுக்குப் போகுமுன்
எண் எண்ணாக விரல் வைத்து நான் படிப்பது.
ஒன்று பிசகினால் நீரோட்டம் படகைக் கொண்டுபோகும்.
அதைப் படிக்க எனக்கு நல்ல குரல் தேவைப்பட்டதே இல்லை.
கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில்,
அன்றைய அஸ்தமனம்: 2.56.
கடிகாரத்தில் 2.31.

எதிர்காற்றில் இருபது நிமிட நடை.
என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன்;
எல்லாம் கோயில் குரலில் வந்தது.
விட்டுவிட்டேன்.
வேலியொன்றைத் தாண்ட வேண்டியிருந்தது,
அந்த வேலியைத்தான்.

கதவைத் திறந்தவன் விரலில் உருளைக்கிழங்குத் தோல்.
நான் திக்கினேன்.
திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினேன்.
"அந்தக் கிடாய்..."
"அது செத்து நாலு வருஷமாச்சு" என்றான்.

மலைக்குப் பின்னால், எங்கள் கண்ணில் படாமல்,
இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

"காற்று உள்ளே வருகிறது, கதவைச் சாத்து" என்றான்.
உள்ளே நின்றா, வெளியே நின்றா என்று
சொல்லவில்லை.

ஒரு அடி வைத்தேன்.